அஞ்சறைப்பெட்டி கணக்கு: 2 கிலோ நாய்க்குட்டி... 9 லட்ச ரூபாய் செலவு!

"அத்தை, 5,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பட்டுமா? இன்னிக்கு ராத்திரி 10 மணிக்குள்ள அனுப்பினா, 45,000 ரூபாய் குட்டி 38,000-க்குக் கிடைக்குமாம்!"

கடந்த ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அண்ணன் மகளிடமிருந்து இப்படி ஒரு போன். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. அதில் ஒரு உள்ளங்கை, உள்ளங்கையில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு நாய்க்குட்டி, பக்கத்தில் ஒரு டீ கப். கப்பைவிட குட்டி கொஞ்சம்தான் உயரம். 'டீகப் பொமரேனியன், 60 நாள் குட்டி, இதுக்கு மேல பெருசா வளராது' என்று கீழே எழுதியிருந்தது.

பார்த்ததும் எனக்கே கை நீண்டுவிட்டது. பொய் சொல்வானேன்!

"யாருக்கும்மா இது, உனக்கா?"

"அம்மாவுக்கு அத்தை."

அண்ணன் தவறி ஒரு வருஷம் ஆகிறது. நங்கநல்லூர் வீட்டில் அண்ணி தனியாக இருக்கிறார். மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் வேலைக்காக சிறுசேரிப் பக்கம். வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

"நேத்து காய்காரர்கிட்ட 'கால் கிலோ கத்திரிக்கா'ன்னு சொன்னதுதான் நாள் முழுக்க அம்மா பேசின பேச்சாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு அழுகையா வந்துடுச்சு. ஒரு குட்டி இருந்தா அதுகிட்டயாவது பேசுவாங்கல்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? "பணத்தை மட்டும் இன்னிக்கு அனுப்பாதே. 10 மணி போனா போகட்டும். நாளைக்கு லீவு போட்டுட்டு அம்மா வீட்டுக்கு வா. நான் என் நோட்டை எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் கோடு போட்ட நோட்டைத் தெரியும். பால், மளிகை, காஸ், பள்ளிக்கூட ஃபீஸ் என்று எல்லாமே அதில் ஏறும். 2016-லிருந்து அதில் 'மிட்டாய்' என்று ஒரு தலைப்பும் உண்டு. எங்கள் வீட்டுப் பொமரேனியன். வயது 9, எடை 2 கிலோ 400 கிராம். மாதாமாதம் மிட்டாய்க்கு என்ன செலவானது என்று ஒரு ரூபாய்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். "நமக்குக்கூட இப்படி ஒரு கணக்கு இல்லையே!" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அன்றைக்கு அந்தக் கணக்குதான் கைகொடுத்தது.

'டீகப்' என்று ஒரு ஜாதியே இல்லை!

மறுநாள் அண்ணி வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் முதலில் சொன்னது இதைத்தான். 'டீகப்' என்பது வியாபாரிகள் வைத்த பெயர். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பட்டியலில் பொமரேனியன் உண்டு, சிவாவா உண்டு, 'டீகப்' கிடையாது. அமெரிக்க கென்னல் கிளப்பின் அளவுப்படி வளர்ந்த பொமரேனியன் சுமார் 1.4 கிலோவிலிருந்து 3.2 கிலோ வரை இருக்கும். சிவாவா 2.7 கிலோவைத் தாண்டக் கூடாது. இவையே குட்டி நாய்கள்தான். இதற்கும் கீழே போக வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்?

ஒரு ஈற்றில் பிறந்த குட்டிகளில் இருப்பதிலேயே நோஞ்சானைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு நோஞ்சானோடு இணை சேர்ப்பார்கள். அல்லது, வயிறாரப் போடாமல் வளர்ச்சியைக் குறுக்குவார்கள். இன்னும் சுலபமான வழி, 35, 40 நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து '60 நாள்' என்று சொல்லிவிடுவது. வயது குறைந்த குட்டி சின்னதாகத்தானே இருக்கும்?

பொமரேனியனின் பூர்வீகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதன் முன்னோர்கள் குளிர் தேசங்களில் பனியில் வண்டி இழுத்த நாய்கள். 1888-ல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் 'மார்கோ' என்ற பொமரேனியனை வாங்கினார். எடை ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்தில் அதுவே குட்டி நாய்! மகாராணி வைத்திருக்கிறார் என்றதும் எல்லாருக்கும் சின்னது வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஐந்து கிலோ மூன்றாகி, மூன்று இரண்டாகி, இப்போது கப்பில் வந்து நிற்கிறது.

நம் ஊரில் பல வீடுகளில் 'பொமரேனியன்' என்று கூப்பிடும் வெள்ளை நாய் பெரும்பாலும் 'இந்தியன் ஸ்பிட்ஸ்'. கொஞ்சம் பெரியது, நம் வெயிலுக்குப் பழகியது, விலையும் குறைவு. 'ஒரிஜினல் பொம்' என்று இதையே குட்டியில் அதிக விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

"இப்ப அந்த ஆளுக்கு மெசேஜ் போடு. குட்டி அம்மாகிட்ட பால் குடிக்கிற வீடியோ வேணும்னு கேளு. தமிழ்நாடு விலங்குகள் நல வாரியப் பதிவு நம்பரும் கேளு" என்றேன்.

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும்.

மெசேஜ் போனது. 'தாய் பண்ணையில் இருக்கு மேடம். முதல்ல அட்வான்ஸ் போடுங்க' என்று பதில் வந்தது. மறுபடியும் பதிவு நம்பர் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளின் புரொஃபைல் போட்டோ காணாமல் போய்விட்டது. பிளாக் செய்துவிட்டார்!

5,000 ரூபாய் தப்பித்தது. ஆனால், இதுபோல அட்வான்ஸ், பிறகு வண்டி வாடகை, பிறகு கூண்டுக்கு டெபாசிட் என்று ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டு, குட்டியே வராமல் ஏமாந்தவர்கள் உண்டு. தாயையும் குட்டியையும் நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

குட்டியாக இருப்பதே செலவுதான்!

"சரி அத்தை, நல்ல இடமா பார்த்து வாங்கிடலாம். இத்தனூண்டு நாய், அது எவ்ளோ சாப்பிட்டுடப் போகுது?" என்றாள்.

எல்லாரும் தப்புக் கணக்குப் போடும் இடம் இதுதான். சாப்பாடு குறைவுதான். ஆனால், உருவம் சின்னது என்பதாலேயே வருகிற செலவுகள் வேறு.

முதலாவது, சர்க்கரை. மனிதர்களுக்கு ஏறுகிற கவலை என்றால், இந்தக் குட்டிகளுக்கு இறங்குகிற கவலை. உடம்பில் சத்தைச் சேமித்து வைக்க இடமில்லை. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிடும். சோர்ந்து படுக்கும், நடுங்கும், தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைப் பாகோ தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். முதல் சில மாதங்களுக்கு ஒரு நாளைக்கு 4 வேளையாவது பிரித்து ஊட்ட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாமல் இது நடக்காது.

இரண்டாவது, எலும்பு. சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறிந்துபோகும் அளவுக்கு மெல்லியது. பின்னங்காலில் முழங்கால் சில்லு நழுவுவது குட்டி இனங்களில் சகஜம். கழுத்தில் பெல்ட் கட்டி இழுத்தால் மூச்சுக்குழாய்க்கு ஆபத்து. மார்போடு சேர்த்து மாட்டும் பெல்ட்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, பல். அல்சேஷனுக்கும் 42 பல், மிட்டாய்க்கும் 42 பல். அந்தப் பெரிய தாடையில் வசதியாக நிற்கிற 42, இந்தத் தீப்பெட்டி அளவுத் தாடையில் நெருக்கியடித்து நிற்கிறது. பால் பல் விழாமல் நின்றுவிடும், இடுக்கில் அழுக்கு சேரும், ஈறு கெடும். சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இரண்டு கிலோ உடம்புக்கு மயக்கம் கொடுப்பது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் ரத்தப் பரிசோதனை வேறு.

நான்காவதாக, ஆயுசு. இது சந்தோஷமான செய்திதான். பெரிய நாய்களைவிட சின்ன நாய்கள் அதிக வருஷம் இருக்கும். பொமரேனியன் 12 முதல் 16 வருஷம். அத்தனை வருஷமும் செலவு உண்டு என்பதும் அதில் அடக்கம்.

மாதக் கணக்கு இதோ!

நோட்டைப் பிரித்தேன். இது சென்னையில் எனக்கு இப்போது ஆகும் செலவு. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

சாப்பாடு 1,700 ரூபாய். இதில் சின்ன இன நாய்களுக்கான டாக் ஃபுட் ஒன்றரை கிலோ 1,200. வேகவைத்த சிக்கன், முட்டை 500.

முடி வெட்டுவது, நகம் வெட்டுவது, குளியல் 700 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,400 ரூபாய், அதில் பாதி.

உண்ணி மருந்து 600 ரூபாய். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் உண்ணி வருஷம் முழுக்க உண்டு. ஒரு மாதம் விட்டால் போச்சு!

பூச்சி மருந்து, ஷாம்பூ, பல் பேஸ்ட், சிறுநீர் உறிஞ்சும் பேட் என்று சில்லறையாக 500 ரூபாய்.

வருஷாந்திர தடுப்பூசி, டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 6,000. மாதத்துக்கு 500 ரூபாய்.

ஊருக்குப் போகும்போது விட்டுப்போகும் போர்டிங், ஒரு நாளைக்கு 600 வீதம் வருஷத்தில் 10 நாள். அதுவும் மாதத்துக்கு 500 ரூபாய்.

ஆக 4,500 ரூபாய்.

"அவ்ளோதானா? சமாளிச்சிடலாம் அத்தை" என்றாள் அவசரமாக.

"இரு. இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

'திடீர்' என்று ஒரு பக்கம்

நோட்டின் கடைசியில் சிவப்பு மையில் எழுதியது. 2019-ல் மிட்டாய்க்கு முழங்கால் சில்லு ஆபரேஷன், 32,000 ரூபாய். 2022-ல் 6 பல் எடுத்தது, 8,500 ரூபாய். 2024-ல் உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கி, நான்கு நாள் டிரிப்ஸ், 14,000 ரூபாய். மொத்தம் 54,500. ஒன்பது வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 500 ரூபாய் சொச்சம்.

ஆனால், அது மாதம் 500-ஆக வரவில்லையே! 2019 ஜூன் மாதம், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டின அடுத்த வாரம், 32,000 ரூபாயாக வந்து நின்றது. என் வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன். ஆபரேஷனுக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி. அவர் மடியில் மிட்டாயைவிடச் சின்னதாக ஒரு நாய். டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வர்றோம்" என்று எழுந்து போனார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் மிட்டாயைப் பார்க்கப் போனபோது கேட்டேன். அவர் வரவில்லை என்றார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடகு வைக்க என்னிடம் வளையல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, 4,500-ம் 500-ம் சேர்த்து மாதம் 5,000 ரூபாய். வருஷத்துக்கு 60,000. பதினைந்து வருஷத்துக்கு 9 லட்சம். இன்றைய விலையிலேயே!

முதல் வருஷத்தில் மட்டும் தனியாக, குட்டிக்கான தடுப்பூசிகள் 5,500, கூண்டு, படுக்கை, பெல்ட், தட்டு எல்லாம் 6,500, கருத்தடை ஆபரேஷன் 10,000 என்று 22,000 ரூபாய் ஆகும். குட்டியின் விலை 38,000. எல்லாம் கூட்டினால் 9,60,000.

"இதுல நீ நேத்து பேரம் பேசினது நூத்துக்கு நாலு ரூபாயைத்தான். மீதி 96 ரூபாயைப் பத்தி யாருமே விளம்பரம் போட மாட்டாங்க" என்றேன்.

நோட்டில் எழுத முடியாதவை

அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எனக்கு இப்போ 62. அதுக்குப் பதினஞ்சு வயசாகும்போது எனக்கு 77. நான் முந்திக்கிட்டா அதை யார் பார்த்துக்குவா?"

கூடத்தில் சத்தமே இல்லை. அண்ணன் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வயதானவர்களுக்கு நாய் வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். 'அம்மாவுக்கு நாய்' என்று வாங்கினாலும், அம்மாவுக்கு உடம்பு முடியாத அன்றைக்கு அது உங்கள் நாய். உங்கள் அபார்ட்மென்ட்டில், உங்கள் வேலை நேரத்தில், உங்கள் சம்பளத்தில் அது வளர வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். இரண்டு கிலோ நாய் காலடியிலேயே சுற்றும். ராத்திரி பாத்ரூம் போகும்போது இருட்டில் காலில் இடறினால், நாய்க்கும் ஆபத்து, இடறுகிறவருக்கும் ஆபத்து. அண்ணிக்கு ஏற்கெனவே மூட்டு வலி. இரவு விளக்கு, நாய் கழுத்தில் சின்ன மணி இரண்டும் இல்லாமல் இந்த வீட்டுக்குள் குட்டி வரக் கூடாது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. மிட்டாய் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட சிக்கனம் இவை.

தினமும் பல் தேய்த்துவிடுங்கள். நாய்களுக்கான பேஸ்ட்தான், நம்முடையது ஆகாது. குட்டியிலிருந்தே பழக்கினால் வாயைக் காட்டும். நான் இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டதற்கு விலை, அந்த 6 பல்.

வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன், சாதம், கேரட், பூசணி. எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை கூடவே கூடாது. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் அதில் சேர்த்தி. பெரிய நாய் தாங்குகிற அளவை இரண்டு கிலோ உடம்பு தாங்காது. பேரக் குழந்தைகள் வரும் வீடுகளில் இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

கோடையில் 'பாவம், வேர்க்குமே' என்று தோல் தெரிய மொட்டை அடிக்காதீர்கள். பொமரேனியனின் அந்த இரட்டை அடுக்கு முடி சில சமயம் திரும்ப வளராமலே போய்விடும். தினமும் சீப்பால் வாரிவிட்டு, வெயில் நேரத்தில் ஃபேனுக்குக் கீழே குளிர்ந்த தரையில் படுக்கவிட்டாலே போதும்.

அரசு கால்நடை மருத்துவமனைகளை மறந்துவிடுகிறோம். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் தனியாரைவிடக் குறைந்த செலவில் நிபுணர்களிடம் காட்டலாம். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினம். 1885-ல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட நாள். அந்த நாளையொட்டி பல ஊர்களில் அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள்.

சென்னை மாநகராட்சி லைசென்ஸுக்கு வருஷத்துக்கு 50 ரூபாய்தான். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். எடுக்காமல் விட்டால் அபராதம் 5,000 ரூபாய். நூறு வருஷ லைசென்ஸ் பணத்தை ஒரே நாளில் கட்ட வேண்டுமா?

நாய்களுக்கு இன்ஷூரன்ஸும் இருக்கிறது. ஆனால், எந்த வயதுக்குள் எடுக்க வேண்டும், பிறவிக் குறைகளுக்குப் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். குட்டி இனங்களுக்கு வருகிற முழங்கால், பல் பிரச்னைகள் அதில் விடுபட்டிருந்தால், அந்த பிரீமியத்தை நீங்களே பேங்கில் போட்டு வைப்பது மேல்.

முக்கியமாக, குட்டிதான் வேண்டுமா என்று யோசியுங்கள். நான்கைந்து வயதான நாயின் எடை தெரியும், குணம் தெரியும், என்ன நோய் என்று தெரியும். நாலு வேளை ஊட்ட வேண்டாம். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் விட்டுவிட்டுப் போன சின்ன நாய்கள் வேளச்சேரி ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும், சில சமயம் உங்கள் டாக்டருக்குத் தெரிந்த வீடுகளிலும் காத்திருக்கும்.

ஆறு மாத ஒத்திகை

"அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா அத்தை?"

"வேண்டாம்னு சொல்லலை. ஒத்திகை பாருங்கன்னு சொல்றேன்."

அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து எழுதிய விதிகள் இவை. நாய் வாங்க நினைக்கும் யாரும் பின்பற்றலாம்.

ஒன்று, மாதம் 5,000 ரூபாய்க்கு ஆறு மாத ஆர்.டி. நாய் வந்துவிட்டதாக நினைத்து 1-ம் தேதியே கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் ஏன் என்று யோசிக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்தால் 30,000 ரூபாய். முதல் வருஷச் செலவு போக, 'திடீர்' பக்கத்துக்குக் கொஞ்சம் மிஞ்சும். இதை மகள் ஏற்றுக்கொண்டாள்.

இரண்டு, காலை 5.30 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் இருபது நிமிஷ நடை. கையில் நாய் இல்லாமலேயே! இது அண்ணியின் பங்கு.

மூன்று, ஒரு மாதத்துக்கு காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7 என்று போனில் நாலு அலாரம். அடிக்கும்போது வீட்டில் இருந்தீர்களா இல்லையா என்று காலண்டரில் குறிக்க வேண்டும்.

நான்கு, நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் நாயைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேரின் பெயர். அவர்களிடம் நேரில் கேட்டு, சம்மதம் வாங்கி எழுத வேண்டும்.

இது நாலாவது மாதம். முடிவைச் சொல்கிறேன்.

ஆர்.டி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஆனால், மூன்றாவது மாதத் தவணைக்காக அண்ணன் மகள் ஒரு பட்டுப்புடவையை விட்டுக்கொடுத்திருக்கிறாள். "நாய் இன்னும் வரவேயில்லை, அதுக்குள்ள புடவையைத் தின்னுடுச்சு" என்றாள்.

அலாரம் பரீட்சையில் அண்ணி ஃபெயில். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், திருவள்ளூரில் ஒரு துக்கம், கோயில், ஆஸ்பத்திரி என்று அந்த மாதத்தில் 9 நாள் ஏதாவது ஒரு வேளைக்கு வீட்டில் இல்லை. "நான் எங்கேயும் போறதே இல்லைன்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன்!" என்று அவருக்கே ஆச்சரியம்.

இரண்டு பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. அது என் பெயர்.

நடை விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. முதல் வாரம், 'நாய் இல்லாம நாய் நடை நடக்கிறேன், யாராவது கேட்டா என்ன சொல்றது?' என்று வெட்கப்பட்டவர், ஒருநாள்கூட விடாமல் போயிருக்கிறார். தெருமுனைப் பூங்காவில் அதே நேரத்துக்கு வரும் மூன்று பெண்கள் பழக்கமாகிவிட்டார்கள். நாலு பேரும் நடந்து முடித்து ஒரு வீட்டில் காபி. அதில் ஒருவர் வளர்க்கும் இந்தியன் ஸ்பிட்ஸின் பெல்ட்டை வாரத்தில் இரண்டு நாள் அண்ணிதான் பிடித்துக்கொண்டு நடக்கிறாராம். போன வாரம் காலை 7 மணிக்கு நான் போன் செய்தால், "அப்புறம் கூப்பிடும்மா, பேசிட்டு இருக்கோம்" என்று வைத்துவிட்டார்!

ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தபோது கேட்டேன். "அப்போ நாய் வேண்டாமா அண்ணி?"

"வேணும். ஆனா, குட்டி வேண்டாம். என்னை மாதிரி கொஞ்சம் வயசானதா இருந்தா பாரு. ரெண்டு பேரும் மெதுவா நடப்போம். அக்டோபர்ல ஆர்.டி முடியட்டும். அதுக்குள்ள அந்த ரெண்டாவது பேரையும் எழுதி வாங்கிடறேன்" என்றார்.

பூங்காத் தோழிகளில் ஒருவரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.

மேஜை மேல் புதிதாக ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் தேதி போட்டு, 'ஆர்.டி 5,000' என்று நாலு வரி. தலைப்பு எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. பெயர் வைக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை அல்லவா?

உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், போன மாதம் அதற்கு என்ன செலவானது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொகையைப் பார்த்த பிறகும் அது வாலாட்டி வரும்போது கை தானாக நீள்கிறதா? எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த வாரம்: தீபாவளிச் சீட்டு - கட்டின பணம் கைக்கு வர என்னென்ன கேட்க வேண்டும்?